பின்சீட்டில் நீல நூல்

போன்டியாக், மிச்சிகன்
1998 மார்ச் 9, திங்கட்கிழமை

கர்த்தருக்குள் அன்பான தங்கை இமோஜீனுக்கு,

சனிக்கிழமை காலை ஆரின் டாக்கெட்டின் பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் மகள் ஜோலீன். பட்டறைக்காரர் ஆரின். காபி கொண்டுவந்த அவர் மனைவி ஃபே. அந்தக் காலத்தில் இழுவை வண்டி ஓட்டிய வெண்டல் ஸ்ட்ரோட். நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய் என்பதால் இதை முதலில் எழுதுகிறேன். இவர்களில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்.

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட உன் கை போயிருக்கும். இருபத்தாறு வருஷமாக நான் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் எங்கே போயின என்று எனக்குத் தெரியும். இதை மட்டும் கடைசி வரிவரை படித்துவிடு.

ஆர்லோ இறந்து பதினாறு மாதம் ஆகிறது. அவருடைய ஜி.டி.ஓ. கார் கராஜில் தார்ப்பாய்க்கு அடியிலேயே கிடந்தது. ஆரஞ்சு நிறம் வெளுத்து, பின்னால் தூக்கி நிற்கும் இறக்கையில் பறவை எச்சம் காய்ந்து, பக்கத்தில் ஒட்டிய 'ஜட்ஜ்' என்ற எழுத்து பாதி உரிந்து. ஆகஸ்டில் வுட்வர்ட் சாலையில் பழைய வண்டிகள் ஊர்வலம் போகிறதே, அதில் அப்பா நினைவாக இதை ஓட்டவேண்டும் என்று ஜோலீன் ஆசைப்பட்டாள். ஆரினிடம் விட்டோம்.

வாங்கிய நாள் உனக்கு மறந்திருக்காது. 1969 ஏப்ரல் 12, சனிக்கிழமை. ஆர்லோவும் உன் க்ளீட்டும் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள். வண்டியும் ஒரே நிறம், ஒரே மாடல், ஒரே கடையில் வாங்கினார்கள். ஊரே அந்த வண்டியைச் செல்லமாக ஆடு என்றது. "ரெண்டு ஆட்டையும் பட்டியில அடைச்சாச்சா?" என்று நீ ஜன்னல் வழியாகக் கத்துவாய். தொழிற்சாலையில் குத்திய வண்டி நம்பரை என்னிடம் கொடுத்து, "நீயே எழுதி வச்சுக்கோக்கா, நான் தொலைச்சிடுவேன்" என்றாய். என் நோட்டில் இரண்டும் இருக்கின்றன. எங்களுடையது 318 என்று முடியும். உங்களுடையது 341.

எஞ்சினில் இருக்கவேண்டிய நம்பரை யாரோ அரத்தால் ராவியிருப்பதை ஆரின் கவனித்தார். சந்தேகப்பட்டு, வண்டியின் உடலை அடிச்சட்டத்திலிருந்து தனியே தூக்கிவிட்டார். அடிச்சட்டத்தில், உடல் மறைத்திருக்கும் இடத்தில், தொழிற்சாலையிலேயே குத்திய நம்பர் இன்னொன்று உண்டாம். துருவைச் சுரண்டி, டார்ச் அடித்துப் படித்தார்.

"மூணு, நாலு, ஒண்ணு."

"சரியாப் பாருங்க ஆரின். மூணு, ஒண்ணு, எட்டு."

"அம்மா, நான் பள்ளிக்கூடம் அதிகம் போகல. ஆனா மூணு நம்பர் படிக்கத் தெரியும்."

வெண்டல் அங்கேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். எழுபது வயசு மனுஷன், தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "வெர்லீன், உன் புருஷன் வண்டி வுட்வர்ட்ல பாலத்தூண்ல மோதி அப்பளமாப் போச்சு. நான்தான் இழுத்துட்டு வந்தேன். நான்தான் வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டேன். மூணு வாரம் கழிச்சு இன்னொன்ன ஓட்டிட்டு வந்தான். டாஷ்போர்டுல இருக்கற நம்பர் தகட்டை மாத்திக் குடுடான்னான். மாத்திக் குடுத்தேன். எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கல. கேட்டிருக்கணும்."

வீட்டுக்கு வந்து 1971 நோட்டை எடுத்தேன். பெட்ரோல் போடும்போதெல்லாம் மைல் குறிப்பது என் வழக்கம். செப்டம்பர் 25: "ஆர்லோ வண்டி பட்டறையில். மட்கார்டு நசுங்கியது என்கிறார். 31,406." அக்டோபர் 13, புதன்: "ஜெபக்கூட்டம். க்ளீட்டின் வண்டி சபை வாசலில் திருடு போனது. ஆர்லோவுக்கு அன்று ஷிப்ட்." அக்டோபர் 16: "வண்டி திரும்பி வந்தது. ஸ்பீடாமீட்டர் மாற்றினார்களாம். 22,980."

என் கையால் எழுதியிருக்கிறேன், இமோஜீன். மூன்று வரியும் ஒரே பக்கம்.

அதே மாதம் 31ஆம் தேதி நான் சபையில் எழுந்து நின்று என்ன சொன்னேன் என்பதை நீ மறந்திருக்கமாட்டாய். க்ளீட் என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "இந்த இன்சூரன்ஸ்காரன் என் கழுத்தை நெரிக்கிறான், யாராவது இதைத் திருடிட்டுப் போனா முழங்கால் போட்டு நன்றி சொல்லுவேன்" என்றதை நான்தான் எல்லார் முன்னாலும் சொன்னேன். க்ளீட்டே வண்டியை ஒழித்துவிட்டு இன்சூரன்ஸ் வாங்கிவிட்டார் என்று சபை முடிவு கட்டியது. சபையில் அவருக்கிருந்த டீக்கன் பொறுப்பைப் பறித்தார்கள். நவம்பரில் நீங்கள் ஊரைவிட்டே போனீர்கள். நான் பேசியபோது ஆர்லோ என் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஜெபிக்கிறார் என்று நினைத்தேன்.

திருடியது என் புருஷன். நான் என்ன செய்யவேண்டும் என்று நீ சொல்.

உன் அக்கா,
வெர்லீன்

*

கார்பின், கென்டக்கி
1998 மார்ச் 16

திருமதி வெர்லீன் ஹாக்ஸ்டன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தபால் பெட்டிக்குப் பக்கத்தில் மழையில் நின்றே படித்தேன். படித்து முடித்தபோது என் செருப்பு இரண்டும் சேற்றில் புதைந்திருந்தன.

இப்படித்தான் மரியாதையாக எழுதவேண்டும் என்று நினைத்து உட்கார்ந்தேன். முடியவில்லை. பாவி மனுஷி, இருபத்தாறு வருஷம்! அம்மாவைப் புதைத்த அன்று குழிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். நடுவில் அவள் பெட்டி. நீ கையை நீட்டினாய், நான் என் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அது ஞாபகம் இருக்கிறதா? நோட்டில் எழுதினாயா?

க்ளீட் அதற்கப்புறம் எந்தச் சபையிலும் முன்வரிசையில் உட்கார்ந்ததில்லை. டீக்கன் ஆகச் சொல்லி இங்கே மூன்று தடவை கேட்டார்கள். "எனக்கு அந்தத் தகுதி இல்லை" என்று மூன்று தடவையும் மறுத்தார். உங்கள் சபை அந்த மனுஷனை அந்த அளவுக்கு நசுக்கிவிட்டது. அழுதுகொண்டே படுப்பேன். "விடு இம்மி, கர்த்தருக்குத் தெரியும்" என்பார்.

ஆர்லோ அத்தான்! எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர்! எஞ்சினைப் பற்றிக் கதை சொல்லியே எங்களைச் சிரிக்க வைத்தவர். நடுத்தர வண்டியில் பெரிய எஞ்சின் வைக்கக்கூடாது என்று கம்பெனி மேலிடமே விதி போட்டிருந்ததாம், அறுபத்துநாலில் நம் போன்டியாக்காரர்கள் அதைப் புது வண்டி என்று சொல்லாமல் ஆர்டர் தாளில் விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் ஒரு வரியாக நுழைத்துவிட்டார்களாம். "கள்ளத்தனமாப் பொறந்த ஆடு இது, அதான் இந்த ஓட்டம்" என்பார். நாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோமே, நம்மைப் பார்த்து அல்லவா அவர் சிரித்திருக்கிறார்!

எனக்கு ஒன்று வேண்டும். பின்சீட்டின் வலது ஓரத்தில் டூயி குழந்தையாக இருந்தபோது பொம்மை லாரியால் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்தான். வீட்டில் கறுப்பு நூல் இல்லை. நான் நீல நூலால் தைத்தேன். க்ளீட் ஒரு வாரம் கேலி செய்தார். அந்த நூல் இருக்கிறதா என்று பார்த்து எழுது. இருந்தால் அது என் வண்டி. நம்பரை யாரும் குத்தலாம். என் தையலை யாரும் தைக்கமுடியாது.

இன்னொன்று. எங்கே நின்று என் புருஷனைக் கெடுத்தாயோ அங்கேயே போய் நில். எல்லாரும் கேட்கச் சொல்.

க்ளீட் லெக்ஸிங்டனில் தம்பி வீட்டில் இருக்கிறார், சனிக்கிழமைதான் வருவார். ஞாயிறு மதியம் டூயியும் மருமகளும் சாப்பிட வருகிறார்கள். அப்போது எல்லார் முன்னாலும் உன் கடிதத்தைப் படிக்கப்போகிறேன். அந்த மனுஷன் முகம் எப்படி ஆகிறது என்று நான் பார்க்கவேண்டும். அதற்காகத்தான் இத்தனை நாள் உயிரோடு இருந்திருக்கிறேன் என்று தோன்றுகிறது.

இமோஜீன்

*

போன்டியாக்
1998 மார்ச் 23, திங்கட்கிழமை

அன்பான இமோஜீனுக்கு,

நேற்று நின்றேன்.

ஆராதனை முடிந்து சாட்சி சொல்லும் நேரத்தில் போதகர் என் பெயரைச் சொன்னார். இடதுபக்கம் மூன்றாவது வரிசை, அன்று நின்ற அதே இடம். பெஞ்சுகளை மாற்றிவிட்டார்கள், ஆனால் ஜன்னல் அதேதான். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தேதிகளையும் படித்தேன். "1971இல் நான் க்ளீட்டஸ் மேப்ரிக்கு விரோதமாகப் பேசினேன். அவர் குற்றமற்றவர். வண்டியைத் திருடியவர் என் புருஷன் ஆர்லோ" என்றேன். அதற்கப்புறம் என்ன சொன்னேன் என்று தெரியாது. ஜோலீன் தாங்கிப் பிடித்தாள். அவளுக்கும் அப்பா அவர்தானே, என்மேல் கோபமாக இருக்கிறாள், ஆனாலும் பிடித்தாள்.

பிறகு அன்று க்ளீட்டின் பொறுப்பைப் பறிக்கக் கை தூக்கிய கிழவர்களில் மிச்சமிருக்கும் எவரெட், ஊன்றுகோலைத் தரையில் தட்டிக்கொண்டு எழுந்து, "நான் சாகறதுக்குள்ள அவன்கிட்ட மன்னிப்புக் கேட்கணும், பேப்பர் கொண்டாங்க" என்று கத்தினார். சமையலறையிலிருந்து யாரோ பேப்பர் கொண்டுவந்தார்கள். அறுபத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஈஸ்டர் அன்று க்ளீட் வந்து முன்வரிசையில் உட்காரவேண்டும், அவரே தொடக்க ஜெபம் சொல்லவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தைப் போதகர் இன்று காலையே தபாலில் சேர்த்துவிட்டார்.

இந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 12. நாம் வண்டி வாங்கிய தேதி. நான் இப்போதுதான் கவனித்தேன்.

நூலைப் பற்றிக் கேட்டிருந்தாய். அந்த இடத்தில் தையல் கறுப்பு நூலில்தான் இருக்கிறது. சீட்டை இனிமேல்தான் பிரிக்கப்போகிறார்கள். அடிச்சட்டத்து நம்பர் பொய் சொல்லாது என்கிறார் ஆரின். அது போதும் என்று நினைக்கிறேன்.

க்ளீட்டின் முகம் எப்படி இருந்தது? எழுது.

வெர்லீன்

*

கார்பின்
1998 மார்ச் 23

அக்கா,

நீ இன்னும் சபையில் எதுவும் சொல்லவில்லையென்றால், சொல்லாதே. நான் எழுதும்வரை பொறு. கர்த்தர் இதை உன்னிடம் சமயத்தில் சேர்க்கவேண்டும்.

நேற்று மதியம் கோழி, பீன்ஸ், சோளரொட்டி எல்லாம் ஆயிற்று. கேக் வெட்டுவதற்கு முன்னால் நான் எழுந்து நின்று உன் கடிதத்தைப் படித்தேன். ஸ்பீடாமீட்டர் வரி வந்தபோது டூயி மேஜையைக் குத்தினான். க்ளீட் மட்டும் அசையவில்லை. முள்கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. முகம் மாவு மாதிரி வெளுத்தது. மாரடைப்பு என்று நினைத்து நான் ஓடினேன்.

"குழியில தள்ளிட்டேன்னு சொன்னானே," என்றார்.

"யாருப்பா?" என்றான் டூயி.

"ஆர்லோ. சரளைக்கல் குழியில தள்ளிட்டேன், தண்ணிக்குள்ள போறவரைக்கும் நின்னு பார்த்தேன், குமிழி வந்துச்சுன்னு சொன்னானே! என் கையைப் பிடிச்சு சொன்னானே!"

எனக்குப் புரிய இரண்டு நிமிஷம் பிடித்தது, அக்கா. மருமகள் என்னைவிடக் கெட்டிக்காரி, அவள் கடிதத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

இவர்தான் சாவியைக் கொடுத்தாராம். வண்டி வாங்கிய கடன் தவணையைவிட இன்சூரன்ஸ் கட்டணம் ஏறிவிட்டதாம், பெரிய எஞ்சின் வண்டி வைத்திருந்த எல்லாருக்கும் அந்த வருஷம் அப்படித்தானாம், விற்கலாம் என்றால் அதே காரணத்தால் வாங்க ஆளில்லையாம். ஆர்லோ அத்தான், "நீ ஜெபக்கூட்டத்துல இரு, நான் பாத்துக்கிறேன்" என்றாராம். அத்தான் வண்டி நொறுங்கிப்போனது இவருக்குத் தெரியாது. நீ அத்தானிடம் இனி பந்தயம் ஓட்டமாட்டேன் என்று பைபிள்மேல் கை வைக்கச் சொல்லி வாங்கினாயே ஒரு சத்தியம், அதனால் அத்தான் உன்னிடம் சொல்லப் பயந்திருக்கிறார். இவரையும் ஏமாற்றிவிட்டார். ஒரு திருடனை இன்னொரு திருடன் ஏமாற்றியிருக்கிறான், அவ்வளவுதான்.

அன்று சபை வாசலில் காலி இடத்தைப் பார்த்துத் தொப்பியைத் தரையில் அடித்து அழுதாரே, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் கண்ணைத் துடைத்துவிட்டேனே, அத்தனையும் நடிப்பு. எனக்கு அந்த டீக்கன் தகுதி இல்லை என்று மூன்று தடவை சொன்னது மட்டும் நிஜம்.

அப்புறம் என்ன கேட்டார் தெரியுமா? கண்ணில் தண்ணீர் நிற்கிறது, அதோடு கேட்கிறார்: "அப்போ அது இன்னும் இருக்கா? எஞ்சின்ல முந்நூத்தறுபத்தாறு குதிரையும் ஓடுதா இம்மி?" குழம்புக் கிண்ணம் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. டூயிதான் நகர்த்தி வைத்தான்.

இப்போது சொல்கிறார், "செத்தவனுக்கு என்ன போகுது, பழி அவன்மேலயே இருக்கட்டும். வெர்லீனே எழுதிட்டா இல்ல." நான் தையல் மெஷின் அறையில் படுக்கிறேன். அவரோடு பேசவில்லை. பேசாமல் இருப்பதில்தான் எனக்கு நல்ல பழக்கம் ஆயிற்றே.

நீ அன்று சொன்னது நிஜம். நிஜத்தைச் சொன்னதற்காக உன் கையைத் தொடாமல் இருந்துவிட்டேன். அம்மாவின் குழிக்கு மேலே நீட்டிய உன் கறுப்புக் கையுறை நேற்றிலிருந்து கண்ணிலேயே நிற்கிறது. நீ ஒரு தப்பும் செய்யவில்லை அக்கா. ஒரு தப்பும் செய்யவில்லை.

இமோஜீன்

*

போன்டியாக்
1998 மார்ச் 27, வெள்ளிக்கிழமை

என் தங்கைக்கு,

நம் கடிதங்கள் இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிவிட்டன. இதற்குள் என்னுடையதும் அறுபத்தொரு கையெழுத்தும் உன் வீட்டில் இருக்கும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை தரையில் உட்கார்ந்து படித்தேன். 1971இல் க்ளீட்டுக்கு விரோதமாக நான் சொன்னது உண்மையாம். போன ஞாயிறு நோட்டைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே சொன்னது பொய்யாம். கர்த்தர் முன்னால் இதை எந்த வரிசையில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நீ கடைசியில் இரண்டு தடவை ஒன்று எழுதியிருக்கிறாய், நான் தப்பே செய்யவில்லை என்று. அதை வாங்கிக்கொண்டு என்னால் தூங்கமுடியாது.

நீ நூலைப் பற்றிக் கேட்டபோது, தையல் கறுப்பு நூலில் இருக்கிறது என்று எழுதினேன். அது பொய் இல்லை. நேற்று ஆரின் சீட்டைப் பிரித்துக்கொண்டே கூப்பிட்டார். "அம்மா, இங்க வந்து பாருங்க, கறுப்புக்கு அடியில ஒரு நீலத் தையல் இருக்கு. யாரோ மேலயே மறுபடி தைச்சிருக்காங்க. நல்ல கை."

என் கைதான்.

1971 நவம்பர், தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால், அம்மா வீட்டுக்குப் போவதற்காக வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ ஊரைவிட்டுப் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பின்சீட்டின் வலது ஓரத்தில் நீல நூல். உன் தையலை எனக்குத் தெரியாதா? உனக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். கராஜில் அந்தச் சீட்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எப்போதாவது ஆர்லோ உன்னிடம் கொடுத்துத் தைத்திருப்பார் என்று எனக்கு நானே சொன்னேன். எங்கள் சீட்டு எப்போது கிழிந்தது என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. உள்ளே போய்க் கறுப்பு நூலும் வளைந்த ஊசியும் எடுத்துவந்தேன். உன் ஒவ்வொரு தையலின் மேலும் ஒரு தையல்.

அன்றைக்கு நோட்டில் வான்கோழி எத்தனை பவுண்டு என்று எழுதியிருக்கிறேன். துடைத்த துணியைத் துவைத்ததுகூட எழுதியிருக்கிறேன். இதை எழுதவில்லை. இத்தனை வருஷத்தில் நான் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.

எனக்குத் தெரியும், இமோஜீன். உன் வண்டி என் கராஜில் இருப்பது தெரிந்தே இருபத்தாறு வருஷம் உனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினேன். போன வாரம் சபையில்கூட நோட்டைத்தான் படித்தேன், நூலைச் சொல்லவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிவிட்டேன். இழப்பீடு கொடுத்துவிட்டதால் வண்டி நியாயப்படி அவர்களுடையதாம். எடுத்துக்கொள்ளட்டும். கோபத்தில் இருந்த ஜோலீன் இன்று காலை வந்து, "தலையைத் தூக்கிக்கிட்டுச் சபைக்குப் போம்மா" என்றாள். பின்சீட்டின் உறையை மட்டும் ஆரின் கழற்றி எனக்குத் தந்திருக்கிறார். அதில் என் கறுப்பு நூலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டேன். உன் நீலம் வெளுக்கவே இல்லை.

ஈஸ்டர் அன்று நான் மறுபடி எழுந்து நிற்கவேண்டும். ஆர்லோ செய்தது, க்ளீட் செய்தது, நான் செய்தது, எல்லாவற்றையும் சொல்லவேண்டும். எவரெட் அந்த ஊன்றுகோலால் என்னை அடித்தாலும் சரி. ஆனால் இரண்டு தடவை தனியாக நின்று இரண்டு தடவையும் கெடுத்தேன். இந்தத் தடவை தனியாக நிற்கமாட்டேன். க்ளீட் தன் பங்கைத் தன் வாயால் சொல்லவேண்டும். அவர் வரமாட்டேன் என்றால் நீயாவது வா. மன்னிக்கவேண்டாம். என் பக்கத்தில் நின்றால் போதும். கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டே நில்.

கார்பினிலிருந்து பெரிய வெள்ளிக்கிழமை மதியம் பஸ் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். டிக்கெட் எடுக்க நாள் வேண்டும். வருகிறாயா, இல்லையா என்று ஒரு வார்த்தை சீக்கிரம் எழுது.

வெர்லீன்